ரேடியோ பெட்டிக்குள் ஒரு வாத்தியார்

சின்னப் பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள்? மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்வீர்கள். மசியாவிட்டால் முதுகில் ஒன்று வைப்பீர்கள். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு வருவீர்கள். பிரச்னை தீர்ந்தது.

நாற்பது வயசு ஆளை என்ன செய்வது?

விடிவதற்கு முன்னால் எழுந்து காட்டுக்குப் போகிறவர். பொழுது சாய்ந்தால்தான் வீடு திரும்புவார். உடம்பெல்லாம் வலி. பள்ளிக்கூடமோ ஒரு மலை தாண்டி இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பேரன் வயசுப் பிள்ளைகள். "இனிமே படிச்சு என்ன, கலெக்டர் ஆகப்போறேனா?" என்பார். அந்தக் கேள்வியில் சலிப்பு மட்டும் இல்லை, கூச்சமும் இருக்கிறது. தனக்கு எழுத்துத் தெரியாது என்பதை இத்தனை வருஷம் மறைத்தே வாழ்ந்து பழகிவிட்ட மனிதரின் கூச்சம்.

இன்றைக்கு இதற்கு எல்லோரும் கையில் வைத்திருக்கும் பதில், செல்போன். ஆன்லைனில் பாடம் வரும். அவரவர் வீட்டுத் திண்ணையில், அவரவருக்குத் தோதான நேரத்தில் படிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இது ஏதோ நம் காலத்து மூளையில் உதித்த புத்தம்புது யோசனை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இன்டர்நெட்டின் தாத்தாவான 'அர்ப்பாநெட்' பிறந்தது 1969-ல். அதற்கு 22 வருஷம் முன்னாலேயே, கரண்ட் இல்லாத ஒரு மலை கிராமத்தில் ஒரு மனிதர் இதை ஆரம்பித்துவிட்டார். அவர் கையில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்ததெல்லாம் கோழிகள்தான்!

கொலம்பியாவுக்குப் போகலாம், வாருங்கள்.

*

தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது கொலம்பியா. தலைநகரம் போகோட்டா. அதற்கு வடகிழக்கே போயாக்கா என்று ஒரு மாகாணம். ஆண்டிஸ் மலைத்தொடரின் மடிப்புகளில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் விளையும் பூமி. அங்கே தென்ஸா பள்ளத்தாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி ஊர், சுடாடென்ஸா.

ஊர் என்றதும் நம்மூர்போல தெருத்தெருவாக வீடுகளைக் கற்பனை செய்யாதீர்கள். நடுவில் ஒரு மாதா கோயில், ஒரு சதுக்கம், நாலு கடை. அவ்வளவுதான். ஜனங்கள் எல்லாம் மலைச்சரிவுகளில், அவரவர் துண்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு சிதறிக் கிடப்பார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகவே ஏறி இறங்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் பூசைக்கும் சந்தைக்கும் கீழே இறங்கி வருவார்கள். வந்தால் 'சிச்சா' குடிப்பார்கள். சிச்சா என்றால் சோளத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் கள். பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1947 ஆகஸ்டில் இந்த ஊர் மாதா கோயிலுக்கு உதவிப் பாதிரியாராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். ஹோசே ஹோவாக்கின் சல்சேடோ. அதே மாகாணத்துக்காரர். 25 வயசு. சுறுசுறுப்பு என்றால் அப்படியொரு சுறுசுறுப்பு. வரும்போதே பெட்டி படுக்கையோடு ஒரு சினிமா புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

சதுக்கத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டினார். படம் என்ற ஒன்றை அதுவரை பார்த்தே இராத ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்தது. ஊருக்கென்று ஒரு கலையரங்கம் கட்டலாமே என்று ஆரம்பித்தார் சாமியார். பணம்? யாரிடமும் இல்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் கோழி இருந்தது. வீட்டுக்கு ஒரு கோழி கொடுங்கள் போதும் என்றார். ஆயிரத்துக்கும் மேலே கோழிகள் சேர்ந்துவிட்டன. அவ்வளவையும் போகோட்டாவுக்கு ஏற்றி அனுப்பி, விற்று, அந்தக் காசில் கட்டடத்தை எழுப்பினார்கள்.

கட்டடம் எழும்பியது சரி. ஆனால், மலையுச்சியில் இருப்பவன் தினமும் அரங்கத்துக்கு வருவானா? வரமாட்டான். அவன் வராவிட்டால் பாடம் அவனிடம் போகவேண்டும். எப்படிப் போகும்?

காற்றில் போகும்!

சல்சேடோவின் அண்ணன் தம்பி உறவில் ஒருவர், அவரும் பாதிரியார்தான், ரேடியோ நுணுக்கம் தெரிந்தவர். பெயர் அந்தோனியோ. அவர் கைப்பட ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டரைச் செய்து கொடுத்தார். அதன் சக்தி சுமார் 100 வாட். அந்தக் காலத்து குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு எவ்வளவு ஆகுமோ, அவ்வளவுதான். 1947 முடிவதற்குள் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. 'ரேடியோ சுடாடென்ஸா' பிறந்தது.

*

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ரேடியோ ஸ்டேஷன் தொடங்குவது பெரிய விஷயமில்லை. அன்றைக்கே உலகம் பூரா ஆயிரக்கணக்கில் இருந்தன. சல்சேடோ செய்தது வேறு. ரேடியோவைப் பள்ளிக்கூடமாக மாற்றினார். எப்படி என்று பாருங்கள்.

சாயங்காலம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு குடிசையில் கூடுகிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரியவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். நடுவே ஒரு ரேடியோ. பேட்டரியில் ஓடுவது. சுவரில் ஒரு கரும்பலகை. பக்கத்தில் சாக்பீஸோடு ஓர் ஆள்.

இந்தச் சாக்பீஸ் ஆள்தான் முக்கியம். 'அவுக்ஸிலியார்' என்று பேர். உதவியாளர். பெரிய படிப்பாளி எல்லாம் இல்லை. அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்தக் குடும்பத்திலேயே நாலெழுத்து படித்த பையனாகவோ பெண்ணாகவோகூட இருக்கலாம். ரேடியோவில் வாத்தியார் பேசுவார். இந்த எழுத்தைப் பலகையில் எழுது என்பார். உதவியாளர் எழுதுவார். எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்பார். சொல்வார்கள். கையில் இருக்கும் பாடப் புத்தகத்தில் இத்தனையாம் பக்கத்தைப் புரட்டுங்கள் என்பார். புரட்டுவார்கள். தப்பாகப் புரட்டியவருக்கு உதவியாளர் சரியான பக்கத்தை எடுத்துக் கொடுப்பார்.

அப்பனுக்கு மகள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள்! கூச்சம் இருக்காதா? இருக்கும்தான். ஆனால், சொல்லிக் கொடுப்பது மகள் இல்லையே, ரேடியோ அல்லவா? மகள் வெறுமனே எழுதிக் காட்டுகிறாள். ஊர் சிரிக்காது. எல்லோரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். நாற்பது வயசின் கூச்சத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. பாடம் வெறும் அ, ஆ இல்லை. ஐந்து சங்கதிகள் என்று வகுத்து வைத்திருந்தார்கள். எழுத்து, எண், உடல்நலம், உழைப்பு, ஆன்மிகம். எழுத்து கற்றுக்கொண்ட கையோடு, கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பார்கள். கக்கூஸ் கட்டு. தரையில் எரியும் அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்று. வீட்டுக்கு ஒரு ஜன்னல் வை. கொல்லையில் காய்கறி போடு. மழையில் மண் கரைந்து போகாமல் வரப்பு கட்டு. இப்படி. இன்றைக்குக் கற்றுக்கொண்டால் நாளைக் காலையில் செய்து பார்க்கலாம். 'படிச்சு என்ன கலெக்டர் ஆகப்போறேனா' என்ற கேள்விக்கு இடமே இல்லை.

*

இதை நடத்துவதற்கு ஓர் அமைப்பு உருவானது. ஸ்பானிஷ் பெயர் வாயில் நுழையாது. சுருக்கமாக 'ஆக்போ'. தமிழில் 'மக்கள் பண்பாட்டு இயக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச வருஷத்தில் குட்டி டிரான்ஸ்மிட்டர் போய் பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் வந்தன. போகோட்டா, காலி, பாரங்கியா என்று பல ஊர்களிலிருந்து ஒலிபரப்பு. 1950-களில் கிராமத்து இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் சுடாடென்ஸாவிலேயே தனித்தனிப் பயிற்சிக் கூடங்கள். அங்கே தங்கிப் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் புதிய ரேடியோ பள்ளிகளை ஆரம்பித்தார்கள்.

1958-ல் ஒரு வாரப் பத்திரிகையும் வந்தது. 'எல் கம்பெசினோ'. அர்த்தம், 'விவசாயி'. எழுத்தறிவு இயக்கங்கள் எல்லாம் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான். கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டப் படித்தாயிற்று. அப்புறம்? படிக்க எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் எல்லாம் மறந்து போகும். மீண்டும் கைநாட்டு. சல்சேடோவுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் ரேடியோவோடு பாடப் புத்தகம், பாடப் புத்தகத்தோடு பத்திரிகை, பத்திரிகையோடு குறைந்த விலையில் 'விவசாயி நூலகம்' என்று ஒரு புத்தக வரிசை. காதில் ஆரம்பித்து கண்ணில் கொண்டுபோய் முடிப்பது.

கணக்கைக் கேட்டால் மயக்கம் வரும். மொத்த வாழ்நாளில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பாடப் புத்தகங்கள். பத்திரிகை, ஏழு கோடிப் பிரதிகளுக்கு மேல். எல்லாவற்றையும்விட என்னை அசத்துவது வேறொரு கணக்கு. கடிதங்கள். விவசாயிகளிடமிருந்து வந்தவை மட்டும் 12 லட்சத்துக்கும் மேலே!

யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை பென்சில் பிடிக்கத் தெரியாதவர், கோணல் மாணலாக எழுதி, மலையிறங்கி வந்து தபாலில் சேர்க்கிறார். என் உருளைக்கிழங்குச் செடியில் பூச்சி, என்ன செய்வது? என் மகளுக்கு இப்போது எழுத வருகிறது. நேற்று ஒலிபரப்பு சரியாகக் கேட்கவில்லை. இப்படி. போகோட்டாவில் இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்து படித்துப் பதில் எழுதினார்கள். பதில் வரும் என்று தெரிந்ததால்தான் அவர்கள் எழுதினார்கள். தன் பெயர் போட்டு ஒரு கவர் வீட்டுக்கு வருகிறதென்றால், அதைப் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொள்ள மாட்டாரா ஒருத்தர்?

*

இத்தனையும் நடந்தது அமைதிப் பூங்காவில் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

1948 ஏப்ரல் 9. கொலம்பியாவின் மக்கள் தலைவர் ஹோர்ஹே எலியெசேர் கைத்தான், போகோட்டாவில் பட்டப்பகலில் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைநகரம் பற்றி எரிந்தது. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு இரண்டு கட்சிக்காரர்களும் கிராமம் கிராமமாக வெட்டிக்கொண்டு செத்தார்கள். 'லா வியோலென்சியா' என்றே அந்தக் காலகட்டத்துக்குப் பெயர். வன்முறை. செத்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர் என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஏழை விவசாயிகள். அந்த ரத்தத்துக்கு நடுவில்தான் ரேடியோவில் எழுத்துப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே இன்னொரு பாதிரியார் வருகிறார். காமிலோ தோரஸ். போகோட்டாவின் வசதியான குடும்பத்துப் பிள்ளை. சமூகவியல் படித்தவர். 1961-ல் சுடாடென்ஸா ரேடியோ பள்ளிகளைப் பற்றி, பெர்த்தா கொரெதோர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு நூலே எழுதியவர். கிராமத்து ஏழைகளின் நிலைமையை அருகே போய்ப் பார்த்தவர். பார்த்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்த முடிவு வேறு. 1965-ல் அங்கியைக் கழற்றிவிட்டு கெரில்லாப் படையில் சேர்ந்தார். 1966 பிப்ரவரியில், தான் கலந்துகொண்ட முதல் சண்டையிலேயே செத்துப் போனார்.

ஒரே தேசம். ஒரே மதம். இரண்டு சாமியார்கள். ஒருவர் கையில் மைக். இன்னொருவர் கையில் துப்பாக்கி. விவசாயியின் வறுமைக்குக் காரணம் அவனுடைய அறியாமைதான், அதை நீக்கினால் மற்றது தானே வரும் என்பது சல்சேடோவின் கட்சி. நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் அடுப்பைத் தூக்கி வைப்பதில் என்ன பிரயோசனம் என்பது எதிர்க்கட்சி.

யார் சரி? சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ரேடியோ பள்ளி யோசனை மற்ற நாடுகளுக்குப் போனபோது என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பொலிவியா, ஈக்வடார், ஹோண்டுராஸ் என்று லத்தீன் அமெரிக்கா பூரா பரவியது. பிரேஸிலில் 1961-ல் கத்தோலிக்க ஆயர்கள் ரேடியோ வழியாக 'அடிப்படைக் கல்வி இயக்கம்' தொடங்கினார்கள். அங்கே பாடப் புத்தகமே வேறு மாதிரி. தலைப்பு, 'வாழ்வதென்றால் போராடுவது'! கூலி ஏன் குறைவு, நிலம் ஏன் இல்லை என்றெல்லாம் அதில் கேள்விகள். 1964-ல் ரியோ டி ஜெனீரோ போலீஸ் அச்சகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்தது. கொஞ்ச நாளில் ராணுவ ஆட்சியும் வந்து சேர்ந்தது. அதோடு இயக்கத்தின் குரல்வளை நெரிக்கப்பட்டது.

எழுத்துச் சொல்லிக் கொடுப்பது சாதுவான காரியம் என்று யார் சொன்னது?

*

சுடாடென்ஸா ரேடியோ பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. வேண்டுமென்றே கடைசியில் சொல்வதற்காக வைத்திருந்தேன்.

அந்தப் பெட்டியில் ஸ்டேஷன் மாற்ற முடியாது!

ஒரே அலைவரிசை. ரேடியோ சுடாடென்ஸா. அவ்வளவுதான். மலிவு விலையில் கொடுக்கப்பட்ட ஆரம்ப காலத்துப் பெட்டிகள் பலவும் அப்படித் திருகி, பூட்டி வைக்கப்பட்டவை. நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தீர்த்துவிட்டால் பாடம் எப்படி நடக்கும்? ஆனாலும் கொஞ்சம் உறுத்துகிறது, இல்லையா? நீ என்ன கேட்கவேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன் என்கிற வாத்தியார்த்தனம்.

பிற்பாடு டிரான்ஸிஸ்டர் வந்தது. சட்டைப்பையில் அடங்குகிற விலையிலும் அளவிலும். ஸ்டேஷன் மாற்றும் திருகாணி விவசாயியின் விரலுக்கு வந்தது. திருப்பினால் பாட்டு. திருப்பினால் கால்பந்து வர்ணனை. வியாபார ரேடியோக்கள் போட்டி போட்டன. அப்புறம் டிவி. இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். போதாததற்குப் பொறுப்பான பெற்றோராக இருங்கள், பெற்று வளர்க்க முடிகிற அளவுக்குப் பிள்ளை பெறுங்கள் என்று ஆக்போ பிரசாரம் செய்தது. திருச்சபைக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. இடதுசாரிகளுக்கு இவர் பழமைவாதி. மேலிடத்துப் பழமைவாதிகளுக்கு இவர் எல்லை மீறுகிறவர். இரண்டு பக்கமும் இடி. வெளிநாட்டு உதவி வற்றியது. கடன் ஏறியது.

1989-ல் கதை முடிந்தது. ஒலிபரப்பு நிலையங்களை வாங்கியது எது தெரியுமா? நாட்டின் மிகப்பெரிய வியாபார ரேடியோக்களில் ஒன்றான கராகோல். அடுத்த வருஷம் பத்திரிகையும் நின்றது. சல்சேடோ 1994-ல் காலமானார். ஒலிநாடாக்கள், பாடப் புத்தகங்கள், அந்தக் கோணல்மாணல் கடிதங்கள் எல்லாம் இப்போது போகோட்டாவில், லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

முடிந்ததா? முடியவில்லை. அமைப்பு சாகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. 2012-ல் அதே ஆக்போ, அதே சுடாடென்ஸாவில் மறுபடி ஒரு கடையைத் திறந்தது. இந்தத் தடவை ரேடியோ இல்லை. கம்ப்யூட்டர். பெயர், 'விவசாயிகளின் டிஜிட்டல் பள்ளி'. மௌஸ் பிடிப்பதில் ஆரம்பித்து, கூட்டுறவு, சிறுதொழில், பருவநிலை மாற்றம் வரைக்கும் பாடங்கள். மாணவர்கள் யார்? அன்றைக்குக் கரும்பலகை முன்னால் கம்பளி போர்த்தி உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள்.

*

"அதெல்லாம் கொலம்பியா சமாசாரம். நமக்கென்ன?" என்கிறீர்களா? நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது.

கனடாவில் 1941-ல் விவசாயிகளுக்காக 'ரேடியோ மன்றம்' என்று ஒன்று தொடங்கினார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கலைந்து போகாமல் விவாதிப்பார்கள். தங்கள் கருத்தைத் திருப்பி எழுதி அனுப்புவார்கள். அந்த யோசனையை யுனெஸ்கோ இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1956-ல் புனேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் பரிசோதனை. 20 நிகழ்ச்சிகள். ரேடியோ கேட்டதோடு உட்கார்ந்து பேசவும் செய்த கிராமங்கள், வெறுமனே ரேடியோ மட்டும் வைத்திருந்த கிராமங்கள், ரேடியோவே இல்லாத கிராமங்கள் என்று பிரித்து வைத்து ஒப்பிட்டார்கள். கூடிப் பேசியவர்கள்தான் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வெறும் பெட்டிக்கு அவ்வளவு மகிமை இல்லை.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கலாம். 1960-களில் ஆடுதுறை 27 என்று ஒரு நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, வயல்காரர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் 1998. புதுச்சேரி கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'அறிவு மையங்களை' அமைத்தது. வில்லியனூர் தலைமை மையம். மற்ற ஊர்களில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நிபந்தனை ஒன்றுதான். இடத்தை ஊர் கொடுக்கவேண்டும். ஆனால் அங்கே சாதி பார்க்காமல் யார் வேண்டுமானாலும் வந்து போக வசதி இருக்கவேண்டும். சேரியிலிருந்து வருகிறவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தால் அது அறிவு மையம் இல்லையே? மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர் ஆட்கள்தான். அதில் பெண்கள் நிறைய. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு என்ன வேண்டும்? கடலில் அலை எவ்வளவு உயரம் என்பது வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உலகத்தின் மறுமூலையில் இருக்கும் கம்ப்யூட்டர், வீராம்பட்டினத்துக் கடற்கரையில் தமிழ் பேசியது!

2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு, பதறிப்போய் ஊருக்குப் போன் போட்டார். தகவல் கிடைத்ததும் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடினார்கள். அலை வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மனிதர்கள் பிழைத்தார்கள்.

கவனித்தீர்களா? ஊர் பிழைத்தது சாட்டிலைட்டால் அல்ல. போன், ஒலிபெருக்கி, எந்தக் குரலை நம்பலாம் என்று ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவ்வளவுதான். தினமும் அலை உயரத்தைச் சொல்லிச் சொல்லி அந்த நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருந்தார்கள்.

*

ஆக, 1947-ல் 100 வாட் டிரான்ஸ்மிட்டர். இன்றைக்கு செல்போன். பெட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்ற ஆள் என்ன ஆனார்? சல்சேடோவின் திட்டத்தில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. பயிற்சி இருந்தது. பெயர் இருந்தது. இன்றைய ஆன்லைன் வகுப்புகளில் பலவற்றில் அவரைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். செலவு மிச்சமாம். அதேபோல, 12 லட்சம் கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் போட்டவர்கள். அந்த நாற்காலியில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஒரு வித்தியாசமும் உண்டு. அன்றைக்குப் பெட்டியில் ஒரே ஸ்டேஷன். இன்றைக்குக் கையில் இருப்பதில் கோடி ஸ்டேஷன். பாடத்துக்குப் பக்கத்திலேயே பாட்டு, படம், ரம்மி, புரளி எல்லாம் இருக்கிறது. திருகாணியைப் பூட்டி வைப்பது வாத்தியார்த்தனம். சரி, பூட்டவேண்டாம். ஆனால், எதைத் திருப்பினால் தனக்கு நல்லது என்று சொல்லித்தர பக்கத்தில் ஓர் ஆளாவது வேண்டாமா?

உங்கள் ஊரில், உங்கள் தெருவில், ஏன், உங்கள் வீட்டிலேயேகூட அப்படி ஒருவர் இருப்பார். பேத்தியின் செல்போனைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிற பாட்டி. பேங்க் சலானை நீட்டி, "கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீயே எழுதிடு தம்பி" என்கிற பெரியவர். கண்ணாடி ஒரு சாக்கு என்று உங்களுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்த தடவை அவர் அப்படிக் கேட்டால், சலானை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மற்றதைச் சொல்லித்தர ஆயிரம் பெட்டிகள் இருக்கின்றன.